வரைபடம், திருத்தம் நான்கு

ஆவாரம்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கும்
வானத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
தகரக் கூரை. அதிலொரு ஓட்டை.
பகல் பதினொன்றுக்கு அதன் வழியே
ஒரு ரூபாய் அகலத்துக்கு வெயில் இறங்கி
இரண்டாவது மெஷின் மேல் உட்காரும்.

போன ஆடி வரை
பம்புக்கு இம்பெல்லர் கடைந்தோம்.
பிறகு ஒரு மெயில்:
ஆளில்லாமல் பறப்பதற்கு
ஆள் வேண்டுமாம், கீழே.

விமானத்தின் வயிற்றில்
கேமராவைத் தாங்கும் பிடி.
கையளவு அலுமினியம்.
திருத்தம் ஒன்றில் நூற்று எண்பத்திரண்டு கிராம்.
இரண்டில் நூற்று அறுபது.
மூன்றில் நூற்று நாற்பத்தொன்று.
"எடை குறைஞ்சா மேல அரைமணி நேரம் கூட நிக்கும்ங்க"
என்றார் சூலூரிலிருந்து வந்த ஆய்வாளர்,
இளநீரை உறிஞ்சியபடி.

அது குறையக் குறைய
எங்கள் கடன் கூடியது.
புது ஸ்பிண்டில். புது அளவுமானி.
ஏசி அறை ஒன்று,
மனிதருக்கில்லை, அளவுமானிக்கு.
அன்னூரில் நாலரை ஏக்கர் காடு
பத்திரமாக மடிந்து
வங்கிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து
தினம் காலையில் போனில் ஒன்றே கேட்பார்:
"பில்லு இப்ப எந்த மேசையில இருக்குதுங்?"
முதல் கட்ட நிதி தீர்ந்துவிட்டது.
இரண்டாம் கட்டம் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது.
ஒப்புதல் ஒரு குழுவுக்குப் போயிருக்கிறது.
குழு கூடும்.
மார்ச்சுக்குள் கூடாவிட்டால்
பணம் வந்த வழியே திரும்பிவிடும்,
ஆளில்லாமலே.

ராத்திரி ஷிப்டு பிகாஷ் மாலிக்.
ஒடிசாவில், கடலோரம் அவன் ஊர்.
அங்கே ஏவுகணை விட்டுப் பார்க்கும் நாளில்
ஊரைக் காலி செய்து
பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து
தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்களாம்.
"சும்மா உக்காந்து சம்பாதிச்ச ஒரே காசு, அக்கா"
என்று சிரித்தான்.
அன்றைக்கு வானத்தைப் பார்த்தாயா என்றேன்.
பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் மேற்கே, என்றான்.

செவ்வாய்க்கிழமை வந்தது திருத்தம் நான்கு.
எடை குறையவில்லை,
கூடியிருந்தது. இருநூற்றுப் பதினாறு.
நாலு துளை புதுசு.
கேமராவுக்கு ஏற்கெனவே நாலு உண்டு;
இவை அதற்குப் பின்னால், கீழ்நோக்கி,
எதையோ பிடித்திருக்கவும்
சொன்ன நேரத்தில் விட்டுவிடவும்
ஒரு கொக்கி உட்காரும் இடைவெளியில்.

துளைக்குப் பெயர் எழுதவில்லை.
விட்டம் எழுதியிருந்தது. ஆழம் எழுதியிருந்தது.
பிசகு பத்து மைக்ரானைத் தாண்டக்கூடாது
என்று எழுதியிருந்தது.

இருபது வருஷம் துளை போட்டவள் நான்.
தண்ணீர் வரும் துளை, எண்ணெய் வரும் துளை,
ஆழ்குழாய்க்குள் முந்நூறு அடியில்
காற்று மட்டும் வரும் துளை கூட
எனக்குத் தெரியும்.

ஆய்வாளருக்குப் போன் போட்டேன்.
"அது உங்க படிவத்துல வராதுங்களே" என்றார்,
கோபமில்லாமல்.
நாச்சிமுத்து சொன்னார்:
"துளைக்குத் தனி ரேட்டு கேளு."

அன்று சாயங்காலமே குழு கூடிவிட்டதாம்.
இரண்டாம் கட்டம் ஒப்புதல்.
திருத்தம் நான்குக்கு மட்டும்.
அலமாரியில் இருந்த அறுபத்துநாலு மூன்றாம் திருத்தங்களைக்
கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்காரர்
எடுத்துப் போனார். பேரம் பேசவில்லை.

பிகாஷ் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.
கதவுக்குள் வெள்ளையாய்த் தண்ணீர் அடித்தது.
நாற்பது நிமிஷம்.
முதல் துண்டைத் துடைத்து
ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

நாலு துளையும் அளந்தேன்.
மூன்று மைக்ரான். நாலு. இரண்டு. மூன்று.

அளவு சரியாக வந்தால்
நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு சந்தோஷம் வரும் எனக்கு,
பழகின நாய் மாதிரி.
அன்றைக்கும் வந்தது.
போ என்று சொல்லிப் பார்த்தேன்.
வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.